வியாபாரப் படங்களில் மெய்யும் மினுக்கும்

நாடகத்தையும் நாவலையும் ஆராய்வதே விமரிசகர் தொழிலென எண்ணுவோர் பலர். ஆயின் இன்று நம்மவரிற் பெரும்பாலோர் நாடோறும் காண்பவை கைப்பேசியில் ஓடும் வியாபாரப் படங்களேயாம். 2020-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வருவாய் இழந்த குடும்பங்கள் பல முறுக்கும் மசாலைத் தூளும் வீட்டிலேயே செய்து முகநூல் வழியே விற்கத் தொடங்கின. 2022-ல் டிக்டாக் நிறுவனம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தன் கடையைத் திறந்தது. ஆகவே இப்படங்களின் குணதோஷங்களை ஆராய்தல் நமது கடமையெனக் கருதுகிறோம்.

ஒரு சாரார் படங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரவல் இசை, வாடகை மாளிகை, விளக்கொளியில் வெளுத்த முகம்! பொருளின் எடை யாது, சேர்மானம் யாது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. விலை கேட்டாலோ, 'பி.எம். தெப்பி', அதாவது தனியே வந்து கேள் என்பதே விடை. இணையத்தில் விற்போர் முழு விலையையும் காட்டல் வேண்டுமென 2013 முதலே மலேசியச் சட்டம் விதித்திருக்கவும், இவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை.

இதனால் விளையும் தீங்கு காசோடு நிற்பதன்று. சில நாட்களில் நிறத்தை மாற்றுவதாகக் கூறும் களிம்புகளை எண்ணிப் பாருங்கள். இத்தகையவற்றுட் பலவற்றில் பாதரசம் இருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கறுப்பு நிறம் இழிவென்னும் மடமையை முதலில் விற்று, அதன் மேல் நஞ்சையும் விற்கும் இம்மினுக்கை அழகென்று போற்றுவது தகுமா?

மற்றொரு சாரார் உளர். அடுப்பையும் மாவையும் தம் கைகளையும் உள்ளபடியே காட்டுவர். ‘மழையால் வடகம் காயவில்லை, இரண்டு நாள் பொறுங்கள்’ என்பர். அவர்தம் பேச்சில் தோட்டத்து வழக்கு மணக்கும். அதை மறைக்க அவர் முயல்வதில்லை. பெருமுதலாளிக்கு விளம்பரப் பணம் உண்டு. சிறு வியாபாரிக்கு நாணயம் ஒன்றே முதல். காயாத வடகத்தைக் காயவில்லை என்று சொன்னவர், காய்ந்ததென்று சொல்லும் நாளில் நம்பப்படுவார்.

எனினும் கரடுமுரடாயிருப்பதே மெய்யென்று மயங்கலாகாது. எளிமையையும் வேடமாகப் புனையத் தொடங்கிவிட்டனர். ஒத்திகை பார்த்துக் கண்ணீர் சிந்துவோரும், ‘தமிழனைத் தமிழன் ஆதரிக்க வேண்டாமா?’ என்று முழங்கிப் பண்டத்தின் குறையை மூடுவோரும் இவ்வகுப்பினரே. இனப்பற்று தராசுக்கு ஈடாகாது. மறுபுறம், தெளிந்த ஒலியும் போதிய வெளிச்சமும் பார்ப்போருக்குச் செய்யும் மரியாதை. அவற்றை நாம் குறை கூறவில்லை. உண்மையைத் துலக்கும் மெருகு நன்று. அதனை மறைக்கும் மெருகே தீது.

அங்ஙனமாயின் மெய்யை அறிவது எவ்வாறு? சோதித்துப் பார்க்க இடந்தருகிறதா என்பதே நமது உரைகல். விற்பவர் யார், எங்கிருக்கிறார், விலை என்ன, எடை என்ன, கெட்டுப்போனால் மாற்றித் தருவாரா? இவற்றுக்கு விடை தரும் படம் எளிதாயினும் உயர்ந்தது. தராதது எத்துணைப் பகட்டாயினும் தாழ்ந்ததே. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகமென நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் வைத்த அளவுகோலும் இதுவே.

புதிதாய்த் தொழில் தொடங்கும் இளைஞரும் பெண்மணிகளும் படப்பிடிப்புக்குக் கடன் வாங்குமுன் இதனைச் சிந்திப்பார்களாக. வாங்குவோரும் இசையில் மயங்காது, விலையையும் எடையையும் யாவரும் காணக் கேட்கப் பழகுவார்களாக. கேட்பவர் பெருகினாலன்றி மறைப்பவர் குறையார்.