தயிர்சாதமும் டாரினும்

நாயையும் பூனையையும் ஒரே கேள்விக்குள் போட்டு அடைத்ததுதான் இந்த விவாதத்தின் முதல் கோளாறு. வளர்ப்புப் பிராணிக்குச் சைவ உணவு கொடுக்கலாமா என்று கேட்டால், "எங்கள் வீட்டு டாமி பத்து வருஷமாகத் தயிர்சாதம்தான் சாப்பிடுகிறது, என்ன குறைந்துவிட்டது?" என்பார் ஒருவர். "புலிக்குப் புல் போடுவீர்களா?" என்று இன்னொருவர் பாய்வார். முதலாமவர் சாட்சிக்கு அழைப்பது ஒரு நாயை. இரண்டாமவர் மனதில் இருப்பது பூனைக் குடும்பம். இரண்டு உடல்களின் கணக்கும் வேறு. அதனால் தீர்ப்பும் இரண்டாகத்தான் வர முடியும்.

நாயிலிருந்து தொடங்கலாம். "நாய் ஓநாயின் வாரிசு, ஆகவே அதற்குக் கறிதான் உணவு" என்ற வாதம் பாதி தூரம்தான் செல்லும். 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் ஓநாய், நாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதன் விவசாயத்துக்கு வந்த பிறகு அவன் கொட்டிய எச்சில் சோற்றில் பிழைக்கத் தெரிந்த நாய்கள் தழைத்தன என்பது அவர்கள் அதற்குச் சொன்ன விளக்கம். நம் பக்கத்தில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைநாய்கள்தான். ஆனால் அவற்றை வளர்த்த கரிசல் வீடுகளில் அன்றாடம் தட்டில் விழுந்தது கூழும் சோறும்.

இதை வைத்துக்கொண்டு நாய் சைவத்துக்கே பிறந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் தெருநாய்களை வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் சோறும் ரொட்டியும் பொறுக்கி வாழும் அந்த நாய்களின் முன்னால் பல உணவுகளை வைத்தபோது, கறிவாசம் எதில் தூக்கலாக இருந்ததோ அதன் மீதுதான் முதலில் வாய் வைத்தன. கறி நாயின் விருப்பம், சோறு அதன் பழக்கம். ஆனால் விருப்பத்தை வைத்துத் தேவையைத் தீர்மானிப்பதாக இருந்தால் குழந்தைகளுக்கு நாம் மூன்று வேளையும் சாக்லேட் கொடுக்க வேண்டியிருக்கும்.

தேவை என்ன? நாயின் உடலுக்கு வேண்டியது குறிப்பிட்ட சில அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், வைட்டமின்கள், தாதுக்கள். அவை எதிலிருந்து வருகின்றன என்று குடல் விசாரிப்பதில்லை. சைவக் கட்சியின் மிக வலுவான வாதம் இதுதான். நாயைப் பொறுத்தவரை இதற்குச் சான்றும் உண்டு. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் 12 சைபீரியன் ஹஸ்கி நாய்களில் பாதிக்கு 16 வாரம் கறியில்லாத உணவு கொடுத்தார்கள், அதுவும் பந்தயப் பருவத்தில். ரத்தசோகை வரவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. 2024-ல் அமெரிக்காவில் 15 வீட்டு நாய்களுக்கு ஓராண்டு முழுக்கத் தாவர உணவே கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஆரோக்கியம் குலையவில்லை. எண்ணிக்கை சிறியது, ஒப்பிடுவதற்குக் கறி தின்னும் இன்னொரு குழுவும் இரண்டாவது ஆய்வில் இல்லை. ஆனாலும் நாய் தாவர உணவில் வாழ முடியும் என்ற அளவுக்கு இவை போதும். நாய்களுக்குத் தாவர உணவு கூடாது என்ற தன் பழைய நிலையைப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கம் 2024-ல் கைவிட்டதும் இத்தகைய சான்றுகள் சேர்ந்ததால்தான்.

இந்த இடத்தில் டாமியின் எஜமானர் வெற்றிப் புன்னகை பூப்பார். அவசரம் வேண்டாம். அந்த ஆய்வுகளில் நாய்கள் தின்றது தயிர்சாதம் அல்ல. சோயாவும் பட்டாணிப் புரதமும் மக்காச்சோளப் புரதமும் அளந்து கலந்து, குறைகிற அமினோ அமிலங்களையும் தாதுக்களையும் தனியே சேர்த்த தீனி அது. நம் வீட்டுத் தட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு தயிர். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதில் புரதம் ஏறத்தாழ 11 சதவீதம். வளர்ந்த நாய்க்கே குறைந்தபட்சம் 18 சதவீதம் வேண்டும் என்கிறது பிராணித் தீனிக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோ; குட்டிக்கும் சினைநாய்க்கும் 22.5. கால்சியம் இன்னும் மோசம்: அரை சதவீதம் வேண்டிய இடத்தில் நம் தட்டில் இருப்பது ஏறத்தாழ 0.15தான். தயிர் இருக்கிறதே, கால்சியம் கொட்டிக் கிடக்குமே என்று நினைப்போம். சோற்றின் அளவு அதை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. வெயிலில் படுக்கிறது, வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதும் நம்மை வைத்து நாயை அளப்பதுதான். நாயும் பூனையும் தோலில் அதைப் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. தீனியில்தான் வந்தாக வேண்டும்.

அப்படியானால் டாமி எப்படிப் பத்து வருஷம் இருந்தது? தயிர்சாதத்தோடு நிறுத்தியிருந்தால்தானே. வாசலில் பக்கத்து வீட்டு எலும்பு, தெருமுனைக் கடையில் பன், நடைப்பயிற்சியில் யாரோ கொடுத்த முட்டை. பிழைத்திருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மந்தமான முடி, தளர்ந்த தசை, பருத்த வயிறு எல்லாவற்றையும் "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். சாம்பார் சாதத்துக்கு வந்தால் ஆபத்து வேறு மாதிரி. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. சர்க்கரைப் பொங்கலில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. நம் சமையல் சைவம் என்பதாலேயே அது நாய்க்குச் சாதுவாகிவிடாது.

தாவரத் தீனிப் பாக்கெட்டின் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும். 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த சில நாய்த்தீனிகளுக்கும் இதயத்தசை விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று விசாரணையைத் தொடங்கியது. அந்தத் தீனிகளில் பெரும்பாலானவை கறி கலந்தவைதான்; தானியத்தைத் தவிர்த்துவிட்டு அந்த இடத்தைப் பருப்பால் நிரப்பியவை. காரண காரியம் நிறுவப்படவில்லை. இருந்தாலும் பருப்பையே தூணாக நம்பும் தாவரத் தீனிக்காரர்கள் காது கொடுக்க வேண்டிய செய்தி இது. 2015-ல் அமெரிக்கச் சந்தையில் இருந்த 24 சைவப் பிராணித் தீனிகளைப் பரிசோதித்தபோது ஆறில் அமினோ அமிலங்கள் குறைந்தபட்ச அளவைக்கூடத் தொடவில்லை. நான்கில் ஒன்று தோற்றால் அது சின்னத் தோல்வி அல்ல.

இனி பூனை.

இங்கே சான்று வேறு தரத்தைச் சேர்ந்தது. 1975-ல், கேசின் என்ற பால்புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தீனியில் வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டார்கள். குறைந்தது டாரின் என்ற ஒரு பொருள். நாயும் மனிதனும் மற்ற அமினோ அமிலங்களிலிருந்து அதை ஓரளவு தயாரித்துக்கொள்வார்கள். பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பித்த உப்புக்காக அதை நாள்தோறும் செலவழிக்கவும் வேண்டும். தாவரங்களில் டாரின் அநேகமாகக் கிடையாது, பாலில் சொற்பம். முட்டை போட்டால் போதுமே என்பவர்களுக்கு: முட்டையிலும் அது போதிய அளவு இல்லை. குறை வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். "ஆறு மாசமா பால்சாதம்தான், நல்லாத்தானே இருக்கு" என்ற சாட்சியத்துக்கு மதிப்பில்லாமல் போவது இதனால்தான். விழித்திரை போனால் திரும்பாது.

டாரினோடு முடியவில்லை. கேரட்டின் மஞ்சள் நிறமியை நாம் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்வோம், பூனையால் முடியாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை நாய் தாவர எண்ணெயிலிருந்து செய்துகொள்ளும். பூனைக்கு அது விலங்குக் கொழுப்பாகவே வந்தாக வேண்டும். நியாசினும் உணவில் நேராகவே வந்தாக வேண்டும். புரதம் குறைந்தால் நாயின் கல்லீரல் சிக்கனத்துக்கு மாறும், பூனையின் கல்லீரலோ வரவு குறைந்தாலும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் வளர்ந்த பூனைக்குக் கேட்கப்படும் புரதம் 26 சதவீதம். இனிப்புச் சுவையை உணரும் மரபணுகூடப் பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். பாயசக் கிண்ணத்தை நக்கும் பூனை தேடுவது சர்க்கரையை அல்ல, நெய்யை.

கறிக் கட்சியினர் இந்தப் பட்டியலில் ஆர்ஜினினையும் சேர்ப்பார்கள். ஆர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளை உணவு பூனையின் ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும் என்பது 1978-ல் காட்டப்பட்ட உண்மை. ஆனால் நிலக்கடலையிலும் பருப்பிலும் ஆர்ஜினின் தாராளம். தாவர உணவுக்கு எதிராக இதைச் சொல்வது பொருந்தாது. நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

அவர்களுக்கு இன்னும் சங்கடமான ஒன்று 1987-ல் நடந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயத்தசை தளர்ந்து சாகக் கிடந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார். டாரினைக் கொடுத்ததும் இதயங்கள் தேறின. அந்தப் பூனைகள் சைவ வீட்டுப் பூனைகள் அல்ல. பெரிய நிறுவனங்கள் விற்ற தீனியைத் தின்றவை, கறியும் மீனும் சேர்ந்த தீனியை. பக்குவப்படுத்தும்போதும் பிறகு குடலிலும் டாரின் வீணாகிவிட்டது. அதன்பின் தீனி நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. இன்று கறித்தீனிப் பாக்கெட்டில் சேர்க்கப்படும் டாரினும் ஆலையில் ரசாயன முறையில் செய்ததே. ஆகவே சைவக் கட்சி கேட்கிறது: கறித்தீனிக்கே ஆலை டாரின் வேண்டியிருக்கிறதென்றால், அதே டாரினைச் சோயாவில் கலந்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்து தள்ளக்கூடாது. தர்க்கம் சரி. ஒரு பூனைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஆலையில் செய்து தாவர மாவில் கலக்க முடியும், கொள்கையளவில். ஆனால் 1987 சொல்லும் பாடத்தின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். பூனைத்தீனியில் பல ஆண்டு அனுபவமும் ஆய்வகமும் கொண்ட நிறுவனங்களே, கறியைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு பொருளின் கணக்கைத் தவறவிட்டுப் பூனைகளைக் கொன்றன. கறியே இல்லாமல் தொடங்குபவர் தவறவிடக்கூடிய கணக்குகள் ஒன்றல்ல, நாலைந்து. அதோடு தாவர உணவு சிறுநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும். அப்போது ஸ்ட்ரூவைட் கல் படியும். ஆண்பூனையின் குறுகிய சிறுநீர்க்குழாய் அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து. இதற்கும் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டலாம். சரிக்கட்டலின் மேல் சரிக்கட்டலாகப் போகிறது இந்தக் கட்டடம்.

ஆனால் தாவரம் தின்னும் பூனைகள் நலமாக இருப்பதாக ஆய்வு வந்திருக்கிறதே? வந்திருக்கிறது. 2023-ல் ஆண்ட்ரூ நைட் குழுவினர் 1,369 பூனை வளர்ப்போரிடம் கேட்டு எழுதிய கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. அதில் தாவர உணவுப் பூனைகள் ஏறத்தாழ 9 சதவீதமே. அவற்றின் உடல்நிலை சற்று மேலாகத் தெரிந்தாலும் வித்தியாசங்கள் புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை என்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நிதி கொடுத்தது தாவர உணவைப் பரப்பும் ப்ரோவெஜ் அமைப்பு. நிதியை வைத்து மட்டும் ஓர் ஆய்வைத் தள்ளிவிட முடியாது. கறித்தீனி நிறுவனங்களும் ஆய்வுக்குப் பணம் கொடுக்கின்றன. என் தயக்கம் வேறு. பதில் சொன்னது பூனை அல்ல, வளர்ப்பவர். தன் கொள்கைக்காகப் பூனையின் உணவையே மாற்றியவர் அதன் நோயை எவ்வளவு நடுநிலையோடு பார்ப்பார்? விழித்திரையை யாரும் பரிசோதிக்கவில்லை. வெளியே திரியும் பூனை வீட்டில் சோயா தின்றுவிட்டு மொட்டைமாடியில் பல்லியும் எலியும் பிடிக்கிறதா என்பதைக் கேள்வித்தாள் கண்டுபிடிக்காது. நம் ஊர்ப் பால்சாதப் பூனைகளின் ரகசியமும் பெரும்பாலும் இந்த மொட்டைமாடிதான். ஒரு பக்கம் உடலுக்குள் நடப்பதை அளந்து காட்டிய சோதனைகள். மறுபக்கம் வளர்ப்பவர்களின் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அறத்தின் பக்கம் மீதமிருக்கிறது. ஒரு பூனையைக் காக்க எத்தனை கோழிகள் சாக வேண்டும் என்ற கேள்வி நேர்மையானது. அமெரிக்க நாய்களும் பூனைகளும் தின்னும் கறி, அந்நாட்டு விலங்கு வேளாண்மை ஏற்படுத்தும் சூழல் பாதிப்பில் 25 முதல் 30 சதவீதத்துக்குக் காரணம் என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கிரிகரி ஓகின் 2017-ல் கணக்கிட்டார். மனிதர் ஒதுக்கும் நுரையீரலும் குடலும்தானே தீனியாகிறது, அதற்கு எப்படி முழுப்பழி என்று எதிர்வாதமும் உண்டு. அது பழியைக் குறைக்கும், துடைக்காது. ஆனால் இந்தக் கணக்கு எங்கே போய் முடிய வேண்டும்? பூனையின் தட்டில் அல்ல, பூனையை வளர்க்கலாமா என்ற முடிவில். கோழி சாவதைப் பொறுக்காதவருக்குப் பூனை வளர்க்காமல் இருக்க முழு உரிமை உண்டு. வளர்த்துவிட்டு, தன் விரதத்தை அதன் கண்ணை வைத்து அனுசரிக்க உரிமை இல்லை. கதவைத் திறந்து வெளியே போய்ச் சாப்பிட முடிகிற பூனைக்காவது தப்பிக்க வழியுண்டு. அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் வலையடித்த பால்கனிக்குள் வாழும் பூனைக்கு நாம் வைப்பதுதான் உலகம்.

ஆகவே, நாய்க்குச் சைவம்: ஆகும். வளர்ந்த, நோயற்ற நாயாக இருக்க வேண்டும். முழுமையான சத்துணவு என்று அளவுகோலோடு குறிப்பிட்ட தீனியாக இருக்க வேண்டும். அந்த வகைச் சைவத் தீனி இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது. வீட்டுச் சமையல்தான் என்றால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு, பருப்பையும் தாது மாவையும் சேர்க்க வேண்டும். வீட்டில் முட்டைக்கு இடமுண்டு என்றால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். குட்டிக்கும் சினைநாய்க்கும் சைவத் தீனி வேண்டாம். வெறும் தயிர்சாதம் எந்த நாய்க்கும் உணவாகாது.

பூனைக்குச் சைவம்: ஆகாது. கறிச்சட்டி நுழையாத எத்தனையோ வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சமையலறைப் பக்கம் வராமல், மூடிபோட்ட டப்பாவில் பூனைத்தீனி பால்கனியில் இருக்கும். அதற்கென்று தனிக் கரண்டி, தனித் தட்டு. மூக்கைச் சுளித்தபடி காலையும் மாலையும் யாராவது அள்ளிப் போடுவார்கள். பூனைக்கு அது போதும்.