கூரையும் உரிமையும்: தோட்டப் புதினங்களில் வீடு

‘இல்’ என்னும் ஒரு சொல்லிலிருந்தே இல்லம், இல்லறம், இல்லாள் என்பன கிளைத்தன. அதே வடிவம் இன்மையையும் உணர்த்தும். மலேசியத் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்ட புதினங்களைப் பயில்வோர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவில் எழுதல் இயல்பு. மூன்று தலைமுறைகளாக ஒரே கூரையின்கீழ்ப் பிறந்து, மணந்து, மடிந்த குடும்பத்துக்கு அக்கூரையின்மேல் ஒரு நாள் உரிமைகூட இருந்ததில்லை. இந்த வாழ்வைப் புனைகதை எவ்வாறு கண்டது, எதைக் காணாது விட்டது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அலோர் காஜா வட்டாரம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களம். தம்பினிலிருந்து புலாவ் செபாங் வழியே வருவோர் காடெக், கெமுனிங், தெபோங் எனத் தோட்டங்களோடு பிணைந்த பெயர்களைக் கேட்பர். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்ட மலாக்கா மாநிலத்தின் ஒரு பகுதி இது. அதற்கும் முன்னரே இம்மண்ணில் நில உரிமைக்காகப் போர் நடந்திருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி வரியாகக் கேட்டபோது நானிங் தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831, 1832ஆம் ஆண்டுகளில் மூண்ட அப்போரில் கம்பெனியின் பக்கம் நின்ற படைகளுள் சென்னைச் சிப்பாய்களின் படையும் ஒன்று. பிறர் நிலத்துக்கான போரில் துப்பாக்கி ஏந்தி வந்தவர்களும் தென்னாட்டார். பின்னர் அந்நிலத்தில் காடழித்து, பால் வெட்டி, தமக்கென ஒரு கையகல நிலமும் கேளாதிருந்தவர்களும் தென்னாட்டார். வரலாற்று ஆசிரியர்கள் தனித்தனியே எழுதிச் செல்லும் இவ்விரு செய்திகளையும் ஒரு புதின ஆசிரியர் இணைத்து நோக்கியிருந்தால் சிறந்ததொரு தொடக்கம் கிடைத்திருக்கும்.

லயம் என்பது வீடன்று. வேலையின் ஓர் உறுப்பு. பெரட்டில் பெயர் இருக்கும் வரையில் கூரை உண்டு. பெயர் நீங்கினால் கூரையும் நீங்கும். ஆகவேதான் ஓய்வு பெறும் வயதை எட்டிய தகப்பன், தன் மகன் படிப்பை விட்டுத் தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வதை மனம் நொந்தும் ஒப்புக்கொண்டான். வீட்டைக் காக்க மகனின் பள்ளியைக் கொடுக்க வேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்த அளவுத் தரத்தை வகுத்தன. குடியிருந்தவனுக்கு அக்குடியிருப்பு உரியதாகும் வழியை அவை வகுக்கவில்லை. வாடகையில்லாத வீடு என்று பெருமையாகப் பேசப்பட்டதன் விலை, வேலை முடிந்த மறுநாள்தான் தெரிய வந்தது. நாட்கூலியில் வாழ்ந்தவன் வெளியே வீடு வாங்கச் சேமித்திருக்க முடியாது. 1982ஆம் ஆண்டில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. ‘மலிவு’ என்னும் அடைமொழி யாருடைய வருவாயை அளவுகோலாகக் கொண்டது என்பதைத் தோட்டத்தை விட்டு வெளியேறியவனிடம் கேட்க வேண்டும்.

இந்நிலை கதைகளில் இடம்பெறாமல் இல்லை. கா. பெருமாளின் ‘துயரப் பாதை’ முதலாகத் தோட்டத்துத் துன்பம் எழுதப்பட்டே வந்துள்ளது. மலேசியா வந்து திரும்பிய அகிலனும் ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் புதினத்தை எழுதினார். ஆயினும் பெரும்பாலான தோட்டக் கதைகளில் துரையின் கொடுமை, கங்காணியின் சூழ்ச்சி, கள்ளுக்கடை, காதல் ஆகியவை முன்னணியில் நிற்க, லயம் பின்புலத் திரையாகவே தொங்குகிறது. அதன் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. இருக்கும் கூரை கண்ணுக்குத் தெரிவதில்லை. பறிபோன பிறகே தெரிகிறது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அது பலருக்கும் தெரிந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டிக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கச் செய்தார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணம் ஒரு தோட்டத்தை வாங்கியது என்பது காப்பியத்துக்குரிய பொருள். அது மேடைப் பேச்சுக்குப் பயன்பட்ட அளவுக்குக் கதைக்குப் பயன்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

வீட்டையே மையமாக நிறுத்திய புதினம், விந்தையாக, ஆங்கிலத்தில் எழுந்தது. கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்பதே அது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் அதைத் தமிழ் மாணவர்க்குப் புறம்பானது என ஒதுக்குதல் தகாது. அதன் உள்ளம் தமிழ்க் குடும்பத்தின் உள்ளம். பிள்ளைகளுடன் தமிழகத்திலிருந்து வந்து சேரும் பெரியாத்தாள் என்னும் பாட்டி, சுமை தூக்கி விற்றுப் பிழைத்து, தாயகத்து வீட்டை நினைவூட்டும் வேலைப்பாடமைந்த தூண்களோடு ஓர் இல்லம் அமைக்கிறாள். நிலமோ அவளுக்கு உரியதன்று. தூணில் உள்ள சிற்பத்தைக் கண்டு மகிழ்கிற வாசகர், தூண் ஊன்றிய மண்ணுக்குப் பத்திரம் இல்லை என்று அறியும்போது அடையும் அதிர்ச்சியே இப்புதினத்தின் முதல் வெற்றி.

அவள் மகன் நைனா மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி. அவன் வாழ்வதும் வேலையோடு ஒட்டிய குடியிருப்பே. பெயர் வேறாயினும் அதுவும் லயம்தான். முதுமையில் அவன் ஆற்றங்கரையில், அனுமதியற்ற நிலத்தில், தன் கையால் வீடு கட்டுகிறான். வெளியேறும்படி வரும் ஆணையை ஏற்க மறுக்கிறான். தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஏதோவொரு மொழியில் மண்ணை நோக்கி மந்திரம்போல் முணுமுணுக்கிறான். முடிவில் வீட்டோடு எரிந்து சாகிறான். இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகன் இரவி, இவற்றையெல்லாம் விலகி நின்று பார்த்துச் சொல்கிறான்.

நைனாவின் செயலைச் சித்தப் பிறழ்வு எனக் கொள்வோர் உண்டு. கதைசொல்லியின் குரலும் அதற்கு இடந்தருகிறது. எனினும் அவன் கட்டும் வீட்டின் ஒவ்வொரு பலகையிலும் ஒரு தெளிவு இருக்கிறது. உழைத்த மண் உழைத்தவனை ஏற்க வேண்டும் என்பது பைத்தியத்தின் கூற்றன்று. ஏட்டில் எழுதிக் கொடுக்க அவனிடம் மொழியில்லை. ஆகவே மூன்று மொழிகளைப் பிசைந்து மண்ணிடமே கேட்கிறான். இவ்விடத்தில் மணியத்தின் குறை ஒன்றையும் சுட்டல் வேண்டும். இரவியின் ஆங்கிலம் தந்தையின் தமிழை வாசகர் செவியில் விழவிடுவதில்லை. நைனா முணுமுணுத்தான் என்று அறிகிறோமேயன்றி, அவன் சொல்லின் சுவையை அறிவதில்லை. தமிழில் எழுதியிருந்தால் அக்குரல் கேட்டிருக்கும். ஆனால் ஆங்கிலக் கல்வி தந்த அந்தத் தொலைவு இல்லாதிருந்தால், தந்தையையும் மகனையும் பிரிக்கும் வெளியை அவரால் இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்கவும் முடியாது. குறையும் நிறையும் ஒரே வேரிலிருந்து எழுந்தவை.

இலங்கை மலையகத்தை நோக்கினால் ஒப்புமை தெளிவாகும். சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ தலைப்பிலேயே பொருளை உரைத்துவிடுகிறது. தோட்டத்தில் தொழிற்சங்கம் காண முயன்றவன் லயத்தை இழந்து வெளியேற்றப்படுகிறான். அங்கே வீடு, முதலாளியின் கையில் ஒரு சாட்டை. அடித்துத் துன்புறுத்த வேண்டியதில்லை. கதவைப் பூட்டினால் போதும். நைனாவுக்கு நேர்வது தனிமனிதத் துயரம்; வேலுப்பிள்ளையின் தொழிலாளிக்கு நேர்வது அரசியல். இரண்டையும் அடுத்தடுத்துப் பயில்விக்கும் ஆசிரியர், ஒரே பொருள் இருவேறு நோக்கில் எவ்வாறு இருவேறு புதினமாகிறது என்பதை எளிதில் விளக்கலாம்.

கூரையை இழப்பதற்கும் நாட்டை இழப்பதற்கும் இடையே உள்ள தொலைவு குறைவு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி தேவையாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோரில் சிவப்பு அடையாள அட்டையுடன் உழன்றவர் பலர். அத்தகையோரைத் தரகர்கள் பகாங்கிலுள்ள நிலத்திட்டம் ஒன்றுக்குக் கொண்டு சென்று கொத்தடிமைகளாக்கிய கொடுமை 1983இல் வெளிச்சத்துக்கு வந்தது. கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ அதை அடியொற்றி எழுந்த புதினம். மணியத்தின் கவித்துவம் இதில் தேடத்தக்கதன்று. அதை இது நாடவுமில்லை. இதன் வலிமை வேறு: அட்டையின் நிறம் ஒரு மனிதன் எங்கே படுத்துறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் நிலையை இப்பொருள் நேராகத் தொடுகிறது. இந்த நிகழ்ச்சி நாளிதழோடு மறைந்து போகாமல் தமிழ்ப் புதினமாக நிலைத்ததே பெரும்பேறு.

தமிழ் மாணவர்க்கு இப்பொருள் புதிதன்று. மனையறம்படுத்த காதையில் தனிமனை கண்ட கண்ணகி, அடைக்கலக் காதையில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் காவலில் ஒப்படைக்கப்படுகிறாள். மாட மாளிகையினின்று ஆயர் குடிலுக்கு வந்தவளின் மனநிலையை இளங்கோவடிகள் மிகுதியாகப் பேசுவதில்லை. அவள் சமைத்துப் பரிமாறுவதைக் காட்டுகிறார். பிறர் கூரையின்கீழும் தன் இல்லறத்தை நடத்தும் பெண் அவள். பினாங்கில் இடையர் வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009ஆம் ஆண்டில் இடிக்கப்பட்ட செய்தியை அக்காதையோடு சேர்த்துப் படித்த மாணவன் சிலப்பதிகாரத்தைப் பழைய நூல் என்று எண்ணமாட்டான்.

அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோரின் கதை இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. லயத்தின் பொது அடிப்பில்லாத சமையற்கட்டு, நாலாம் மாடிக்கு ஏற முடியாத பாட்டி, தோட்டத்துக் கோயிலிலேயே தங்கிவிட்ட முனியாண்டி, மாதந்தோறும் வங்கிக்குச் செல்லும் தவணை இவையெல்லாம் கதைக்குரிய பொருள்கள். பெரியாத்தாளின் வீட்டில் தூண் இருந்தது, பத்திரம் இல்லை. பேத்தியின் வீட்டுக்குப் பத்திரம் உண்டு, அது வங்கியிடம் இருக்கிறது.