‘முதல் பெண்’ என்னும் பட்டியல்

நம்மவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எழுத உட்காருகிறவர், 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார் என்று ஆரம்பிப்பார். பிறகு, மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண், சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினர், 1927இல் அதன் உதவித் தலைவர் என்று அடுக்கிக்கொண்டே போவார். அத்தனையும் உண்மைதான். ஆனால் பட்டியல் வரலாறு ஆகிவிடாது.

நாவல் படித்துப் பழகிய வாசகர் கேட்கும் கேள்வியே வேறு. இந்த அம்மையாருக்கு எது வலித்தது? எதைப் பணயம் வைத்துப் போராடினார்?

தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று சட்டசபையில் மகள் எழுந்து பேசியபோது, அது அவருக்கு ஊர் விவகாரம் மட்டுமல்ல, வீட்டு விவகாரமும்கூட. மரியாதை என்று எண்ணி இதை மெல்ல விழுங்கிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கதையின் முதுகெலும்பையே உருவிவிடுகிறார்கள்.

இன்னொன்று. வெறும் ஆவேசம் சட்டம் செய்யாது. கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஊழியத்தை விட்டால் நிலம் போகும். அந்த முடிச்சைத்தான் 1929இல் வந்த சட்டத் திருத்தம் அவிழ்த்தது. ஊழியம் இல்லாமலே நிலம் அவர்களிடம் இருக்க வழி செய்தது. இந்த ஒரு விவரம் பத்துப் பக்கப் புகழுரைக்கு ஈடாகும். உணர்ச்சியோடு வயிற்றுப்பாட்டையும் கணக்கிட்ட ஒரு மனத்தை அது காட்டுகிறது.

எதிர்த்தவர்களையும் நூலில் பேசவிட வேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைவாணிகளும் எதிர்த்தார்கள். தங்கள் சொத்துரிமையும் சங்கீதமும் கௌரவமும் போய்விடும் என்று அந்த மரபைச் சேர்ந்த பெண்களே மனுக் கொடுத்தார்கள். அவர்களை மறைத்துவிட்டால் மிஞ்சுவது வக்கீல் குறிப்பு, வாழ்க்கை அல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ பிரசார நாவல்தான். ஆனாலும் அதில் தாசிகள் வாய் திறந்து பேசுகிறார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் அதையாவது கற்றுக்கொள்ளலாம்.

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் 1930இல் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இடையிலுள்ள பதினேழு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறவர் வாசகரை ஏமாற்றுகிறார். காத்திருப்பதுதான் சீர்திருத்தக்காரரின் பெரும்பகுதி வாழ்க்கை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம், 1954இல் அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியாக எழுந்தது. தாயாரின் குலத்துயரம் சட்டமாயிற்று. தங்கையின் மரணம் வைத்தியசாலையாயிற்று. சொந்த வேதனையைப் பொதுக்காரியமாக மாற்றிய அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு எழுதினால் போதும். ‘முதல், முதல்’ என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையே இராது.