சுண்டெலி நுரையீரலில் விழாத குழி

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவின் எக்ஸ்ரே ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் தடித்த வெள்ளை விளிம்பு. காசநோய் அரித்த குழி. காசநோய்க்கு எதிராக உடல் எப்படிப் போராடுகிறது என்பதைச் சுண்டெலியிடமே கற்றுக்கொள்ளலாம் என்று யார் வாதிட்டாலும் எனக்கு அந்த வட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

எலி கற்றுத்தந்ததை நான் மறுக்கவில்லை. காமா இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்காத எலி காசநோயைத் தாங்காது என்று 1993-இல் தெரிந்தது. டிஎன்எஃப் என்ற இன்னொரு புரதம் இல்லையென்றால் நோய் முற்றும் என்று 1995-இல் எலி காட்டியது. 2001-இல், மூட்டுவாதத்துக்கு, டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை எடுத்துக்கொண்டவர்களிடம் அதுவே நடந்தது. எலி மலிவும்கூட.

ஆனால் ஆய்வகங்களில் பெரும்பாலும் வளர்க்கும் ‘பிளாக் சிக்ஸ்’ எலிக்கு நுரையீரலில் குழி விழுவதே இல்லை. மூன்று நான்கு வாரங்களில் கிருமியை எதிர்க்கும் டி செல்கள் வந்து சேரும். கிருமி பெருகுவது நிற்கும். ஏறத்தாழப் பத்து லட்சம் கிருமிகளைச் சுமந்தபடி எலி மாதக்கணக்கில் வாழும். தடுப்பூசி போட்டால் அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். இதைத்தான் பாதுகாப்பு என்று எழுதுகிறார்கள்.

மனிதரின் நுரையீரலைக் குடைவதில் பெரும்பங்கு உடலின் எதிர்ப்புக்கே உண்டு. எதிர்ப்பு ஒடுங்கிய எச்ஐவி நோயாளிகளிடம் குழிகள் குறைவு. குழியில்தான் கிருமிக்குக் காற்றும் இருமலோடு வெளியேற வழியும் கிடைக்கின்றன. நம் டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகளைக் கிருமி ஏறக்குறைய மாற்றாமலே வைத்திருக்கிறது என்று 2010-இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. டி செல்கள் தன்னை அடையாளம் கண்டுகொள்வதில் அதற்கே ஆதாயம் இருக்கலாம். அப்படியிருக்க, டி செல்லைக் கூட்டினால் போதும் என்று எலி சொன்னதை எப்படி நம்பினோம்? எம்விஏ85ஏ தடுப்பூசி விலங்குகளில் நம்பிக்கை தந்தது. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளைக் கொண்டு சோதித்த முடிவு 2013-இல் வந்தது: டி செல்கள் எழுந்தன, பாதுகாப்பு கிட்டவில்லை.

நுரையீரல் அழுகும் எலி வகையும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்த எலியும் இருமிப் பக்கத்துக் கூண்டுக்கு நோயைத் தருவதில்லை. இந்த நோயோ பரவிப் பிழைப்பது. இங்கே சிங்கப்பூரில் ஜாலான் புக்கிட் மேராவின் 2ஆம் புளோக்கில் 7 பேரிடம் மரபணுவில் நெருங்கிய கிருமி இருந்ததைச் சுகாதார அமைச்சு 2022-இல் அறிவித்தது. அதே காற்றைச் சுவாசித்த மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? தாத்தாவின் பாயிலேயே படுத்த பாட்டிக்குக் கடைசிவரை வரவில்லை. அப்படிப்பட்டவர்களின் இரத்தத்தையும், நோய் முற்றியவர்களிடமிருந்து அறுவையில் எடுக்கும் நுரையீரல் துண்டையும் முதலில் ஆராயட்டும். எலிக்கூண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை அதற்குத் திருப்பிவிட வேண்டும் என்பேன்.