ஜி என்ற எழுத்துக்கு எவ்வளவு தரலாம்?

பழைய ஃபிலிம் கேமரா தேடுகிறவர்களிடம் யாஷிகாமேட் 124ஜி என்று சொன்னாலே முகம் மலரும். விற்பவருக்கும் அது தெரியும். அதே கம்பெனி 1957-இல் கொண்டுவந்த முதல் யாஷிகாமேட்டைக் காட்டிலும் 124ஜி-க்கு ஒரு படி கூடுதலாகவே விலை சொல்வார்கள். பெரியப்பாவோ மாமாவோ கொடுத்து இலவசமாகக் கைக்கு வந்தவர்களுக்குப் பேரம் இல்லை என்றாலும், "என்கிட்ட இருக்கிறது ஜி" என்ற பெருமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எனக்கும் அது அப்படி வந்ததுதான். ஸ்டுடியோ வைத்திருந்து ஓய்ந்துபோன உறவினர் ஒருவர், கேமராவோடு அதன் துணைச் சாமான்கள் அத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு சொல்கிறேன்: கேமரா அருமையானது, ஜி-க்குக் கூடுதல் விலை தருவது வீண்.

காரணம் புரிய வேண்டுமானால் இந்தக் கேமரா எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மேலே பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், கீழே படம் பிடிப்பதற்கு ஒரு லென்ஸ். ரோலைஃப்ளெக்ஸ் வகுத்த இரட்டை லென்ஸ் அமைப்பை ஜப்பானிய விலையில் தந்ததே யாஷிகாவின் சாதனை. 1957 யாஷிகாமேட்டில் பக்கவாட்டுக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஃபிலிம் நகரும், ஷட்டரும் தயாராகிவிடும். அதே கம்பெனியின் யாஷிகா டி, 635 போன்ற விலை குறைந்த கேமராக்களில் ஷட்டரைத் தனியாக இழுத்துவிட வேண்டும். முகூர்த்த நேரத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கல்யாணப் படம் எடுத்தவர்கள் அறிவார்கள். லென்ஸும் அப்படித்தான். முதலில் வந்தவற்றில் லூமாக்சார் என்ற பெயர், பிறகு யாஷினான். 80 மி.மீ., எஃப் 3.5, நான்கு கண்ணாடிகள் கொண்ட டெசார் அமைப்பு. 635-லும் டி-யின் பெரும்பகுதியிலும் இருந்தது மூன்று கண்ணாடி யாஷிகார். அதில் ஓரங்கள் மங்கும்.

1968-இல் 124 வந்தது, 1970-இல் 124ஜி. 1957-க்குப் பிறகு கூடுதலாகச் சேர்ந்தவற்றில் முக்கியமானவை மூன்று. 120 ரோலில் 12 படம், 220 ரோலில் 24 படம் என்று இரண்டையும் ஏற்கும் வசதி ஒன்று. உள்ளேயே பொருத்திய லைட் மீட்டர் இரண்டாவது. அந்த மீட்டரின் மின்தொடர்பு முனைகளுக்குத் தங்கப் பூச்சு மூன்றாவது. ஜி என்பது அதைக் குறிக்கத்தான். 1986 வரை விற்பனையில் இருந்தது. அதற்குள் யாஷிகாவே கியோசெரா கைக்குப் போயிருந்தது.

இப்போது அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 220 ரோல் இன்று கடையில் கிடைப்பது மிக அரிது. பின்மூடியில் இருக்கும் அழுத்துத் தகட்டை 24-க்குத் தள்ளுகிற வாய்ப்பே பலருக்கும் வராது. தெரியாமல் அது 24-இல் கிடந்தால் 120 ரோலுக்குப் பாதகம்தான். மீட்டர் கேட்பது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி, பிஎக்ஸ்625. பாதரசப் பேட்டரி உலகம் முழுக்க வழக்கொழிந்துவிட்டது. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். மின்னழுத்தம் கூடினால் மீட்டரின் முள் இருக்கிற வெளிச்சத்தைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் நெகட்டிவ் வெளிறிப்போகும். அல்கலைன் பேட்டரி தீரத்தீர மின்னழுத்தமும் இறங்கிக்கொண்டே வருவதால், "இவ்வளவு பிழை" என்று கணக்கு வைத்துச் சரிசெய்யவும் வழியில்லை. காதுகேட்கும் கருவிக்குப் போடுகிற 675 துத்தநாகக் காற்றுப் பேட்டரியை ஒரு வளையம் கோத்துப் பொருத்தினால் மீட்டர் ஓரளவு சரியாகப் பேசும். ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் சில மாதங்கள்தான்.

பேட்டரிச் சிக்கலைத் தீர்த்தாலும் உள்ளே இருக்கும் காட்மியம் சல்ஃபைடு செல் அரை நூற்றாண்டு வயதானது. என் கேமராவில் நல்ல வெயிலில் முள் சரியாக நிற்கிறது. திண்ணை நிழலுக்கு வந்தால் தயங்குகிறது. உள்ளறையில் அசைவதே இல்லை. மீட்டர் தேவைப்படுவதே உள்ளறையில்தானே! இந்த மீட்டர் ஏஎஸ்ஏ 400-ஐத் தாண்டிக் கணக்குப் பார்க்கவும் மாட்டாது. ஆக, தங்கம் பூசிய முனை எதற்காகப் பூசப்பட்டதோ அந்த வேலையே நின்றுவிட்டது.

கூடுதல் விலை கொடுத்து வாங்கிய உறுப்புகள் எல்லாம் முதலில் செத்தன. மலிவான பழைய யாஷிகாமேட்டோடு பொதுவாக இருந்த லென்ஸும் கோப்பால் ஷட்டரும் கைப்பிடியும் இன்னும் உழைக்கின்றன. 124ஜி-யை மதிப்பிட வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானது. 124ஜி வயதில் இளையது. 1957-இல் செய்த கேமராவைவிட 1980-களில் செய்தது குறைவாகத் தேய்ந்திருக்கும் அல்லவா? தேய்மானம் வயதைவிட உழைப்பைப் பொறுத்தது என்பது என் பதில். ஸ்டுடியோவில் இருந்த 124ஜி முகூர்த்த மாதங்களில் ஓயாமல் சுற்றப்பட்டது. வீட்டு அலமாரியில் தூங்கிய பழைய யாஷிகாமேட் புதிது போலவே இருக்கலாம். வாங்கப் போகிறவர் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன்னால் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கட்டும். பற்சக்கரம் கரகரத்தாலோ நடுவில் வழுக்கினாலோ எந்த எழுத்தாலும் பயனில்லை. பிறகு பின்மூடியைத் திறந்து, ஷட்டரை பி-யில் வைத்து அழுத்திப் பிடித்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னால் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ். மேற்பரப்பில் இருந்தால் மெக்கானிக் துடைத்துவிடுவார். பூச்சையே அரித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபங்கஸ் என்றதும் துணைச் சாமான்களுக்கு வந்துவிடலாம். பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் முதலில் எடுத்துத் தடவிப் பார்ப்பது பழுப்பு நிறத் தோல் உறையை. அழகில் குறை சொல்ல முடியாது. கேமராவுக்கு அதைவிடப் பெரிய எதிரியும் இல்லை. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காற்று புகாது, வெளிச்சம் புகாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கத் தோல் உறைக்குள் கிடக்கும் லென்ஸ், பூஞ்சைக்கு விருந்து. கேமராவைக் காப்பதற்கென்று உறையில் போட்டுப் பூட்டி வைத்தவர்களின் லென்ஸ்தான் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கிறது; கழுத்தில் மாட்டி வெயிலில் அலைந்தவர்களின் லென்ஸ் தப்பித்திருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது செலவில்லாத வழி.

பெட்டியிலேயே மதிப்பு மிக்கது எது என்று கேட்டால், யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சின்னத் தகர வளையத்தைச் சொல்வேன். லென்ஸ் ஹூட். யாஷினானின் பூச்சு அந்தக் காலத்து ஒற்றைப் பூச்சு. எதிர்வெயில் அதற்கு ஆகாது. தெப்பக்குளப் படிக்கட்டில் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டியை மாலை வெயிலுக்கு எதிரே நின்று அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தேன், ஒன்று ஹூட் இல்லாமல், ஒன்று ஹூட்டோடு. முதல் நெகட்டிவில் அவர் முகத்தின் மேல் சாம்பல் திரை ஒன்று படிந்திருந்தது. படிக்கட்டின் கறுப்பு கறுப்பாகவே இல்லை. இரண்டாவதில் புடவை மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பேயனட் 1 என்ற இதே அளவு வாய் எஃப் 3.5 ரோலைகார்டிலும் பல ரோலைஃப்ளெக்ஸிலும் உண்டு. அவற்றுக்குச் செய்த ஹூட்டும் ஃபில்டரும் இதில் பொருந்தும்.

மஞ்சள் ஃபில்டர் வைத்துக்கொள்ளத்தக்கது. கருப்பு வெள்ளையில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடாமல் மேகம் பிரிந்து தெரியும். க்ளோஸ்-அப் லென்ஸ் ஜோடியும் நல்ல வேலைப்பாடு. இந்தக் கேமரா ஒரு மீட்டருக்கு உள்ளே குவியாது. அந்த நெருக்கத்தில் மேல் லென்ஸ் பார்ப்பதும் கீழ் லென்ஸ் பதிவதும் ஒன்றாக இருக்காது, தலை வெட்டுப்படும். ஜோடியில் மேலே மாட்டும் துண்டில் ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்று பார்வையைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி அந்தப் பிழையைத் தணிக்கிறது. முகத்தை மட்டும் எடுக்க நினைப்பவருக்கு இது போதும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் டெலி, வைட் துணை லென்ஸ்கள் கனமானவை, ஓரங்களைக் கெடுப்பவை, அலமாரிக்கு ஆகும். கேபிள் ரிலீஸ் சின்னப் பொருள், ஆனால் ஸ்டாண்டில் வைத்து ஒரு செகண்டுக்கு எடுக்கும்போது அது இல்லாமல் முடியாது.

பழைய ஃப்ளாஷ் பற்றி ஓர் எச்சரிக்கை. 124ஜி-யின் இலை ஷட்டர் எல்லா வேகத்திலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும், 1/500-இல்கூட. எக்ஸ் நிலையில் வைத்தால் போதும், எம் நிலை எரிந்து தீரும் பல்புகளுக்கானது. ஆனால் அந்தக் காலத்து எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ்களில் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் மிக அதிகம். இந்த இயந்திர ஷட்டருக்கு அது உறைக்காது. ஆசைப்பட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் அதன் உள்சுற்று கருகலாம்.

பெட்டிக்குள் பிரிக்காத 'இந்து' ரோல் கிடக்கலாம். 1960-இல் தொடங்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இன்று மூடிக் கிடப்பதால் அந்த ரோலுக்கு நினைவு மதிப்பு உண்டு. அதில் முக்கியமான எதையும் எடுக்காதீர்கள், படம் முழுக்கப் புகை படிந்திருக்கும்.

சரி, மீட்டர் இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியுமா? நம் ஊர் வெயிலுக்குத் தாராளமாக முடியும். ஏஎஸ்ஏ 100 ரோல் என்றால் உச்சி வெயிலில் எஃப் 16, 1/125. வெட்டவெளி நிழலில் எஃப் 5.6. சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் விடுங்கள். கருப்பு வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது. 1/500 வேண்டுமென்றால் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன்பே அதை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிய பிறகு திருப்பினால் உள்ளே கூடுதல் ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும். செல்ஃப் டைமரை எழுப்பாமலே விட்டுவிடுவது உத்தமம். பழைய ஷட்டர்கள் பாதி வழியில் சிக்கி நிற்க அந்த நெம்புகோல் போதும்.

இத்தனைக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது? 56 மி.மீ. சதுர நெகட்டிவ். 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். எஃப் 8, எஃப் 11-இல் இந்த லென்ஸ் தருகிற கூர்மையைக் கொண்டு பெரிய பிரிண்ட் போடலாம், தோலின் நிறப்படிகள் உடையாமல் வரும். முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி தெளிவு, மூலைகள் மென்மை. ரோலைஃப்ளெக்ஸின் உயர்ந்த லென்ஸ்களோடு இதை நிறுத்துவது மிகை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்து எடுப்பது. எதிரே இருப்பவர் முகத்துக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை. உட்கார்ந்திருப்பவரும் குழந்தையும் தங்கள் உயரத்திலேயே பதிவாகிறார்கள். கண்ணாடித் திரையில் இடம் வலமாகத் தெரிவதால் ஓடுவதைத் துரத்த முடியாது. விளையாட்டுப் படத்துக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். 1.1 கிலோ எடையும் கழுத்துக்குத் தெரியும்.

செலவு? ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு படம் நூறு ரூபாய்க்குக் குறையாது. வாரத்துக்கு ஒரு ரோல் எடுக்க நினைப்பவர் இதை முதலில் கணக்குப் போட வேண்டும்.

பணம் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் மீட்டர் இல்லாத, யாஷினான் லென்ஸுள்ள பழைய யாஷிகாமேட்டைத் தேடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்து ஷட்டரைச் சுத்தம் செய்துகொள்ளலாம். 124ஜி பரிசாக வந்திருந்தால் பேட்டரி அறையைத் திறந்து உள்ளே கசிந்து காய்ந்து கிடக்கும் பழைய பேட்டரியை எடுத்து எறியுங்கள், தோல் உறையைத் தனியாக வையுங்கள், ஹூட்டை மாட்டி ஒரு ரோல் போடுங்கள்.