விளம்பரத்துச் சிறுவனும் வகுப்பறைச் சிறுவனும்

விமர்சனத்திற்கு உரியன கவிதையும் நாவலுமே என்று கருதுவோர் இக்கட்டுரையின் பொருளைக் கண்டு நகைக்கக்கூடும். ஆயினும், இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்து, மீண்டும் மீண்டும் புரட்டப்பட்டு, குழந்தைகளின் ஆசைகளுக்கு உருவம் கொடுத்த ஒரு நூலை விமர்சகன் எங்ஙனம் புறக்கணிக்க இயலும்? அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1993 வரை வெளியிட்டு வந்த அஞ்சல் விற்பனைப் பட்டியல் அத்தகையதொரு நூலாகும். அதில் 1950களுக்குரிய சிறுவர் ஆடைப் பக்கங்களை அண்மையில் நாம் கவனத்தோடு படித்தோம்.

அப்பக்கங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. படம் சிறுவனோடு பேசுகின்றது. எழுத்து அவன் தாயோடு பேசுகின்றது. படத்திலே படிய வாரிய தலையோடு வெள்ளைத்தோல் சிறுவன் புன்னகை புரிகிறான். தந்தையும் மகனும் ஒரே துணியில் தைத்த சட்டையை அணிந்து நிற்கின்றனர். ராய் ரோஜர்ஸ் என்னும் திரைப்பட நடிகனின் பெயரால் கௌபோய் உடைகள் விற்கப்படுகின்றன. கீழே, சிறிய எழுத்திலோ, வேறொரு உலகம்: முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைக்கப்பட்டது, சலவையில் சுருங்காது, தையல் உறுதியானது, விலை இவ்வளவு. முழங்கால் கிழியும் என்பதைப் படம் மறைக்கின்றது, எழுத்து ஒப்புக்கொள்கின்றது. விற்பவனின் எழுத்தேயாயினும், உழைத்துச் சிக்கனமாக வாழும் குடும்பத்தின் கவலை அதிலே பதிந்திருக்கின்றது.

படத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1954 டிசம்பரில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் டேவி குரொக்கெட் கதையைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. 1955இல் அமெரிக்கச் சிறுவர்களிடையே ரக்கூன் வால் தொங்கும் உரோமத் தொப்பி பெரும் மோகமாகப் பரவியது. செவ்விந்தியரின் நிலம் பறிபோன வரலாறு இங்ஙனம் ஒரு தொப்பியாகச் சுருங்கிக் குழந்தைகளின் தலைகளில் ஏறியது. எவரும் அதனை அரசியல் என்று கூறவில்லை. விளையாட்டு என்றே கூறினர்.

இனி எமது கரைக்கு வருவோம். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கல்முனைப் பிரதான வீதியின் விளம்பரப் பலகைகளில் ஒரு சிறுவன் தோன்றுகிறான். பொன்னிறப் பொத்தான் வைத்த ஷெர்வானி அணிந்திருக்கிறான். அல்லது இறுகிய காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கிறான். அவன் முகம் எமது ஊர் முகமன்று. இப்பலகைகளில் எழுத்தின் குரல் அறவே ஒடுங்கிவிட்டது. கடையின் பெயரும் கழிவு விலையும் உண்டு; என்ன நூல், எத்தனை சலவை தாங்கும், எவர் கை நெய்தது என்பன இல்லை. அமெரிக்கப் பட்டியலின் கனவு எமக்கு வந்து சேர்ந்தது; அதனோடிருந்த அந்தச் சிறு நேர்மை வந்து சேரவில்லை.

நாம் கண்ட பலகைகளில் ஒன்றிலேனும் சாறன் உடுத்த சிறுவன் இல்லை. கல்முனைக்கு வடக்கே சில மைல் தொலைவில் இருக்கும் மருதமுனையோ சாறனுக்குப் பெயர் பெற்ற நெசவாளர் ஊர். 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டபின் அங்கே தறிகள் பல ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடல் எஞ்சியவற்றிலும் பலவற்றைக் கொண்டு சென்றது. 1992இல் அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு மிகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்காவே. விளம்பரத்துச் சிறுவனுக்குச் சட்டை தைப்பவள் எமது நாட்டுப் பெண் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அவனுக்கு இடமில்லை. 1993 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் துணியில் வெள்ளைச் சட்டை. சிறிய வகுப்புகளில் நீலக் காற்சட்டை. (2025ஆம் ஆண்டுக்குரிய துணி சீனாவின் அன்பளிப்பு என்பதையும் மருதமுனைத் தறிகளை எண்ணியவாறு குறித்து வைப்போம்.) அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைத்து, உம்மா உள்ளே மடித்து விடுகிறார். மறு ஆண்டு மடிப்பை அவிழ்க்கும்போது பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். அக்கோட்டை வாசிக்கத் தெரியாத ஆசிரியர் எவருமிலர்.

சென்ற பெருநாளின் பின் எட்டாம் வகுப்பில் 'எனது பெருநாள்' என்னும் கட்டுரை எழுதுவித்தோம். ஒரு மாணவன் தனது கறுப்பு ஷெர்வானியைப் பொத்தான் பொத்தானாக வருணித்திருந்தான். மொழி பிழையற்றது, வருணனை வீதிப் பலகையில் உள்ளது. பெருநாள் தொழுகையில் நாம் அவனைப் பாடசாலைச் சட்டையோடும் புதுச் சாறனோடும் கண்டோம். அவன் வாப்பா தறி நெய்பவர். ஆசை குற்றமன்று, சிறுவனைப் பொய்யன் என்பது அநீதி. தன் உடலில் கிடந்த அழகிய துணி எழுதத் தகாதது என்று அவனுக்குக் கற்பித்தவர் எவர் என்பதே எமது கேள்வி. பலகைகளோடு எமது பாடநூல்களும் அதற்குப் பதில் கூற வேண்டும்.

மறுவாரம் அவனிடம் சாறனைப் பற்றி எழுதுமாறு கேட்டோம். "அதையெல்லாம் எழுத ஏலுமா சேர்?" என்றான். நூலுக்குச் சாயம் ஏற்றுவது, பாவு கட்டுவது, இழை அறுந்தால் முடிவது என நாம் அறியாதன பலவற்றை இரண்டு பக்கங்களில் எழுதி வந்தான். கூலியைக் கூறும் வரியை மட்டும் அவனே மையால் அடித்திருந்தான்.