கூடிப் படிக்கும் கொரிய மொழி

ஒரு பாஷையில் புலமை பெற்ற பிறகுதான் அதை ரசிக்கும் அதிகாரம் வாய்க்கும் என்று எண்ணிக்கொண்டு, கற்கும் காலத்தையெல்லாம் வெறும் பிரயாசையாகவே கழித்துவிடுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம், கொரிய மொழியைப் பொறுத்தவரையில் அரைகுறையாகக் கற்றிருக்கும் பருவமே ரசனைக்கு மிகவும் ஏற்ற பருவம் என்பதும், அந்த ரசனை தனியே அமர்ந்து படிக்கிறவரைவிடச் சகமாணாக்கர்களோடு கூடிப் படிக்கிறவருக்கே நிறையக் கிட்டுகிறது என்பதும்தான். சரளமாகப் பேசுகிறவர் காதில் சொல் விழும்போதே பொருளாகிவிடுகிறது. கற்கிறவர் காதில்தான் அது சற்று நேரம் ஒலியாகவே நின்று தன் அழகைக் காட்டுகிறது.

எழுத்திலிருந்து தொடங்கலாம். ஹங்குல் என்று இன்று வழங்கும் எழுத்தை மன்னர் செஜோங் 1443-இல் ஆக்கி, 1446-இல் தம் மக்களுக்கு வெளியிட்டார். சீன எழுத்துகளைக் கற்றுத் தேற வழியில்லாத குடிமகனும் தன் மனத்திலுள்ளதை எழுதிக் காட்ட வேண்டும் என்ற கருணையே அதற்குக் காரணம். அரசவைப் பண்டிதர் சோ மான்ரி முதலியோர் 1444-இல் விண்ணப்பம் எழுதி எதிர்த்தபோதும் மன்னர் பின்வாங்கவில்லை. கதவுச் சட்டங்களின் பின்னலைப் பார்த்து வரைந்த வடிவங்கள் இவை என்றுகூடப் பிற்காலத்தார் ஊகித்ததுண்டு. ஆனால் 1940-இல் அகப்பட்ட பழைய விளக்கநூல், மெய்யெழுத்துகளின் மூல வடிவங்கள் வாயினுள்ளே நிகழ்வனவற்றின் சித்திரங்களே என்பதை ஐயமற நிலைநாட்டிவிட்டது.

ஆகவே, புதிதாக வந்த நண்பரை நூறு தடவை எழுதச் சொல்லாதீர்கள், உச்சரிக்கச் சொல்லுங்கள். 'ந்' என்று சொல்லி நாவை அப்படியே நிறுத்தினால், அதன் நுனி மேல்நோக்கி எழுந்து பற்களின் பின்புறத்தைத் தொட்டு நிற்பது தெரியும். இடப்புறம் கீழே இறங்கி, அடியில் வலப்பக்கமாக நீளும் அந்தக் கொரிய எழுத்து அந்த நாவின் வடிவமேயாகும். 'க்' என்றால் நாவின் அடிப்பகுதி உயர்ந்து தொண்டையை அடைக்கிறது; எழுத்தும் அவ்வாறே வளைகிறது. 'ம்' என்பதற்கு ஒரு சதுரம், அதாவது வாய். ந்-எழுத்தின் தலையில் ஒரு கோடு சேர்த்தால் த் பிறக்கிறது. இன்னொரு கோடு சேர்த்தால் மூச்சு மிகுந்த த் பிறக்கிறது. இதைத் தம் வாயிலேயே கண்டுகொண்ட நண்பரின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் காண்பது, சொல்லிக்கொடுத்தவருக்குக் கிடைக்கும் முதல் ஆனந்தம்.

ஒலியில் தமிழருக்கு ஓர் அனுகூலமும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. தகுதி என்ற சொல்லின் முதல் தகரம் வன்மையாகவும் பின்வரும் தகரம் மென்மையாகவும் ஒலிப்பதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை; கொரியத்திலும் அதே கதைதான். இறைச்சியைக் குறிக்கும் கோகி என்ற சொல்லில் ஒரே எழுத்து இருமுறை வந்து, சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் உயிர்களின் நடுவே வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் மயங்குகிற இடத்தில் நாம் இயல்பாக நடந்துவிடலாம். இடர்ப்பாடு எங்கே என்றால், நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழில் எழுதப் புகுந்தால் மூன்றும் 'தால்' என்றே முடியும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முகமூடிக்குக் காகிதம் நன்றாக அசைய வேண்டும், இறுக்கி ஒலிக்கும் மகளுக்கு அசையவே கூடாது, நிலவுக்கு இலேசாக. போதாததற்கு, இன்றைய சியோல் இளைஞர் பேச்சில் நிலவு தாழ்ந்த சுருதியிலும் முகமூடி உயர்ந்த சுருதியிலும் தொடங்குகின்றன. தம் காகிதத்தைத் தாமே பார்ப்பது கடினம். எதிரே ஒருவர் இருந்து பார்த்துச் சொன்னால்தான் இந்த அப்பியாசம் பலிக்கும்.

அப்பா போன்று இரு மொழிகளிலும் ஒத்த சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்வது நம்மவரிடையே பெருகிவருகிறது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அவர் முன்வைத்த உறவை மொழிநூலார் இன்று ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும், வினை இறுதியில் நிற்பதும் உருபுகள் பெயரின் பின்னே ஒட்டுவதுமான அந்த வாக்கிய அமைதி நமக்குத் தெரிந்த வீடு போலவே இருக்கிறது என்பது பட்டியலைவிடப் பெரிய சந்தோஷம் அல்லவா?

அந்த வீட்டின் மிக அழகிய அறை மரியாதைச் சொற்கள் உள்ள அறை. தம்பியிடம் "தாத்தா வந்திருக்கார்டா" என்று சொல்லும்போது, தாத்தாவுக்குரிய மரியாதை வினைக்குள்ளும், தம்பியிடம் கொண்ட உரிமை வாக்கியத்தின் கடைசியிலும் தனித்தனியே நிற்கின்றன. கொரியமும் இப்படியே வினைக்குள் 'ஷி' என்ற சிறு அசையைச் செருகிப் பேசப்படுகிறவரைப் போற்றுகிறது. கேட்கிறவருக்குரிய மரியாதையை இறுதியில் வரும் 'யோ'விடம் ஒப்படைத்துவிடுகிறது. தொலைக்காட்சி நாடகம் பார்க்கையில், சப்டைட்டிலைச் சற்றே மறந்து, இந்த 'யோ'வை மட்டும் பின்தொடருங்கள். பல வாரங்களாக ஒருவரோடொருவர் 'யோ' போட்டே பேசிவந்த இருவரில் ஒருவர் அதை என்றைக்கு விடுகிறார், மற்றவர் அதை ஏற்கிறாரா, கோபம் வந்ததும் அது திரும்பி வந்துவிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனால், வசனத்தில் சொல்லாத கதை ஒன்று முழுதும் உங்களுக்குக் கேட்கும். ஆங்கில சப்டைட்டிலால் இதைத் தர முடிவதில்லை. நீங்கள் என்பது நீ ஆவதன் கனத்தை அறிந்த தமிழ்க் காதுக்கு விளக்கமே வேண்டாம்.

இப்படிச் சகமாணாக்கருக்கு உதவுகிறவர்க்கு ஒரு வரம்பும் உண்டு. போன மாதம் தாம் தடுக்கி விழுந்த இடத்தைத் தாய்மொழியாளரைவிடத் தெளிவாக அவரால் காட்ட முடியும். குழம்பின் சாற்றைக் குறிக்கும் சொல் எழுத்தில் 'குக்முல்' என்றிருக்க, பேச்சில் ஏன் 'குங்முல்' என்று காதில் விழுகிறது என்பதைச் சொல்லித் தரவும் முடியும். ஆனால் ஒரு பெரியவரிடம் எந்தச் சொல்லை ஆளலாம் என்பது போன்ற நுட்பங்களில் ஊகத்தைத் தீர்ப்பாக வழங்கலாகாது. தாய்மொழியாளரைக் கேட்க வேண்டும், இல்லையேல் இருவருமாக அகராதியைத் திறக்க வேண்டும். கொரிய அகராதியைப் பக்தியோடுதான் திறக்க வேண்டும். ஜப்பானிய ஆட்சியில், 1942-இல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்கள் கைதாகி, இருவர் சிறையிலேயே உயிர் நீத்தனர். பறிபோன கைப்பிரதி விடுதலைக்குப் பின் 1945-இல் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் அகப்பட்டு, 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

பத்துச் சொல் மட்டுமே தெரிந்தவரையும் உடனே ரசிகராக்கிவிடக்கூடியவை அந்த மொழியின் இரட்டைக்கிளவிகள். நம் சலசலப்பும் மினுமினுப்பும் போன்றவைதான். விசேஷம் என்னவென்றால், உயிரொலியை மாற்றினால் பொருளின் அளவே மாறிவிடும். சிறு கல் குளத்தில் விழுந்தால் 'போங்தாங்'. பாறாங்கல் விழுந்தால், அதே மெய்களோடு உயிர்கள் மட்டும் இருண்டு, 'பூங்தோங்'. நட்சத்திரம் மினுங்குவது 'பன்சாக்', மின்னல் வெட்டுவது 'பொன்சொக்'. இருவராக அமர்ந்து, ஒருவர் அகராதியிலிருந்து இத்தகைய சொல் ஒன்றைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் பொருளைப் பாராமலே விழுந்தது சிறியதா பெரியதா, ஒளி மெல்லியதா கூரியதா என்று சொல்லிப் பார்க்கலாம்; வகுப்புக்கு நேற்று வந்து சேர்ந்தவரும் இதில் கலந்துகொள்ளலாம்.